ஒரு தாளுக்கு ஒரு பதிகம்

சென்ற ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டுப் பேச்சு ஒரு கறுப்புப் பேனாவையே சுற்றிவந்தது. என் மகள் அதை ரெசின் என்னும் செயற்கைப் பிசின் கட்டையிலிருந்து லேத்தில் கடைந்து எடுத்திருந்தாள். உருவம் குறையில்லாமல் அமைந்திருந்தது, மெருகுதான் கூடவில்லை. மெருகு கூடினால் அவள் கோவில்பட்டியிலேயே இருந்து பேனா கடைந்து பிழைப்பாள். கூடாவிட்டால் ஆவணி பிறந்ததும் ஓசூருக்குத் திரும்பி, விட்டுவந்த தொழிற்சாலை வேலையில் மறுபடியும் சேர்ந்துவிடுவாள். வீட்டில் நாங்கள் மூவர். மூவருக்கும் இது தெரியும். சாப்பிட உட்காரும்போது பேனாவைப் பற்றி மட்டுமே பேசுவோம். ஓசூரின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை.

அவள் ஓசூரில் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் லேத்தின் முன் நின்றவள். இரும்பை முடியளவும் பிசகாமல் கடையும் கை அவளுடையது. தன் தாய்க்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நீண்ட விடுப்பில் வந்தாள். தாய் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவள் போகவில்லை. எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீசுக்காகத் தெருப் பெண்கள் கூடிப் பெட்டி ஒட்டிய அறை அது. வெறுமனே கிடந்த அந்த அறையில் பழைய சிறு லேத்து ஒன்றை வாங்கிப் போட்டாள். கைபேசியில் பார்த்துப் பார்த்து, வண்ண ரெசின் கட்டைகளில் மைப்பேனா கடையக் கற்றுக்கொண்டாள். மயில் கழுத்து நிறத்திலும், தேன் நிறத்திலும், மேகம் கலைந்தது போன்ற வெண்சாம்பலிலும் அவள் பேனாக்கள் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மதுரையில் பேனாவுக்கென்றே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனாள்.

அவர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கலர்ல எதையும் மறைச்சிரலாம். கறுப்புல ஒண்ணு செஞ்சு கொண்டா. வெளிச்சத்துல பிடிச்சா ஒரு கோடு தெரியக் கூடாது. அப்படி ஒண்ணக் காட்டிட்டேன்னா, நீ கடையுற பேனா அம்புட்டும் நம்ம கடைக்குத்தான்” என்றாராம்.

அவள் கறுப்பில் ஒன்று செய்து கொண்டுபோனாள். சன்னலருகே பிடித்துப் பார்த்து, “கோடு தெரியுதேம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்று செய்தாள். அதற்கும் அதே பதில். மூன்றாவதாகக் கடைந்ததுதான் நான் முதலில் சொன்ன பேனா.

மெருகேற்றும் முறையை நான் அறிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். கடைந்த பேனா லேத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன்மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள். பிறகு அதைவிட மென்மையானது. பிறகு அதனினும் மென்மையானது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கோடுகளை அழித்துத் தன்னுடைய மெல்லிய கோடுகளைப் போட்டுவிட்டுப் போகும். கடைசித் தாளின் கோடு கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியதாக இருக்கும். அதற்குமேல் பழைய வேட்டித் துணியில் மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு எழும். இடையில் எந்தத் தாளிலாவது பொறுமை இழந்து சீக்கிரம் அடுத்ததற்குத் தாவிவிட்டால், அழியாமல் விட்டுப்போன கோடு இறுதியில் வெளியே வந்து நிற்கும். உலர்ந்தபடி தேய்த்தால் சூட்டில் ரெசின் இளகிவிடும். ஆகையால் தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். லேத்தின் இரும்பு நனையாதிருக்க என் மனைவியின் பழைய சேலை ஒன்று அதன்மேல் விரித்திருக்கும்.

அந்த வேலைக்குள் என் குரல் முதலில் புகுந்தது. கை பின்னால்தான் புகுந்தது.

மாலையில் விளக்கேற்றியதும் பதிகங்களைப் பாராயணம் செய்வது என் வழக்கம். அந்த நேரத்தில்தான் அவளும் மெருகு வேலையில் இருப்பாள். பாராயணத்தில் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போகக் கூடாது. முதற்பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் பலன் சொல்லும் கடைசிப் பாட்டை அடைய வேண்டும். ஒருநாள் அவள் அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“எப்பா, இன்னைக்கு எதுக்கு இவ்வளவு வேகமாப் பாடுதீங்க?”

“ஏன், உனக்கு என்ன?”

“ஒரு பதிகம் முடியிற வரைக்கும் ஒரு தாளை மாத்தக் கூடாதுன்னு நான் வச்சிருக்கேன். நீங்க ஓடினா நானும்லா ஓட வேண்டியிருக்கு.”

அவள் என் பாட்டைக் கேட்கிறாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது முதல் நிறுத்தி, நெடில்களுக்கு உரிய இடம் கொடுத்துப் பாடினேன். ஒரு தாளுக்கு ஒரு பதிகம் என்பது எங்கள் வீட்டில் ஏற்பாடாயிற்று. நான் கூடத்தில் பூசை அலமாரியின் முன்னும், அவள் சுவருக்கு அப்பால் லேத்தின் முன்னும். இறைவனின் திருவடியை நினைந்து உருகும் பாட்டு ஒன்றின் நடுவே லேத்து நின்றால், தண்ணீர் தெளிக்கிறாள் என்று அறிந்து நானும் நின்றுகொள்வேன்.

அப்படியும் கோடு போகவில்லை. எங்கள் ஊர்க் காற்று ஒரு காரணம். ஆடியில் வயல்கள் உழுது மழைக்குக் காத்துக் கிடக்கும்; மேலைக் காற்று அந்தக் கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஒரு மணற்பொடி தாளுக்கும் பேனாவுக்கும் நடுவே புகுந்தால், அரை மணி நேர உழைப்பு ஒரே சுற்றில் கெட்டுவிடும். அவள் சன்னலை அடைத்து, வாசலில் நனைத்த போர்வையைத் தொங்கவிட்டாள். தண்ணீர் இன்னொரு காரணம். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அறை வாசல்வரை வந்தவள், வாளியை எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இது போர்த் தண்ணியா?”

“ஆமா.”

“இதுல துவரம்பருப்பே வேக மாட்டேங்குது. குழாய் வாயில வெள்ளையாப் படிஞ்சு கிடக்கத நீ பாத்ததில்லையா? அந்தச் சுண்ணாம்பைத்தான் நீ இம்புட்டு நாளும் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்க. குடிக்கிற தண்ணில இருந்து ஒரு செம்பு எடுத்துக்க.”

குடிநீருக்கு மாற்றிய பிறகு சிதறிய கீறல்கள் மறைந்தன. எஞ்சியவை வட்டமான மெல்லிய கோடுகள். பேனாவைச் சுற்றி மோதிரம் அணிவித்தது போல, அங்கொன்றும் இங்கொன்றும். தாளை மாற்றினாள், லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்தாள், மறுபடி சுழலவிட்டாள். வட்டங்கள் வேறிடத்தில் தோன்றின. ஒரு பிற்பகல் ஓசூரிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அறைக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

“என்னவாம்?” என்றாள் தாய்.

“ஆவணி ஒண்ணாந்தேதி வருவியா மாட்டியான்னு கேக்காவ.”

“நீ என்ன சொன்ன?”

“சொல்லுதேன்னு சொன்னேன்.”

எனக்குக் கை நடுக்கம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு கோயில் மண்டபத்துக் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு பாடலைச் சாக்கட்டியால் எழுதிவைப்பது என் திருப்பணியாக இருந்தது. நடுக்கம் தொடங்கியபோது, ஓர் எழுத்துக்கு வைத்த புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் விழுந்தது. ஒருநாள் தரிசனத்துக்கு வந்த அம்மையார் ஒருவர் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னைக்கு மலையாளப் பாட்டா எழுதியிருக்கீங்க, அண்ணாச்சி?” என்று உண்மையாகவே கேட்டார். மறுநாள் சாக்கட்டிப் பெட்டியைக் கோயில் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். இப்போது வேறொருவர் எழுதுகிறார், அழகாகவே எழுதுகிறார். திருநெல்வேலி மருத்துவர், இது உயிருக்கு ஊறு செய்யாது, ஆனால் முற்றிலும் போகாது என்றார். அன்றிலிருந்து காப்பியை அரை டம்ளராக வாங்கிக் குடிக்கப் பழகினேன். குரலை மிச்சம் வைத்தானே என்று இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். கையைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஓசூர் அழைப்பு வந்த அன்று மாலை, பாராயணத்தின் நடுவில் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

“எப்பா, ஒரு நிமிசம் இங்கன வாங்க. இந்தக் கோடு எப்ப விழுதுன்னு பக்கத்துல இருந்து பாக்கணும். நான் டார்ச் அடிக்கேன். நீங்க தாளைப் பிடிங்க.”

“என் கையிலயா? என் கை நிலைமை தெரிஞ்சுமா சொல்லுத?”

“நீங்க எதையும் ஓட்ட வேண்டாம். ஓடுறது பேனா. நீங்க தாளைச் சும்மா அடியில வச்சாப் போதும்.”

போகுமுன் இன்னொரு நிபந்தனை போட்டாள். கழுத்தில் தொங்கும் எதுவும் சுழலும் லேத்தின் அருகே வரக் கூடாதாம். உருத்திராட்ச மாலையைக் கழற்ற வேண்டுமாம். தீட்சை பெற்ற நாளிலிருந்து நான் கழற்றாத மாலை. அதை அவளும் அறிவாள். சற்று யோசித்துவிட்டு, முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, மாலையை உள்ளே விட்டுக் கழுத்துவரை பொத்தான் போட்டாள். அங்கவஸ்திரத்தைப் பறித்துக் கதவில் மாட்டினாள். என்னைப் பார்த்த என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“கை நல்லா இருந்த காலத்துலயே ஒரு ஆணி அடிச்சுத் தந்ததில்ல. இப்ப லேத்து ஓட்டப் போறாராம்!”

நனைந்த தாளை இரு கை விரல்களாலும் பிடித்து, சுழலும் கறுப்பு மூடியின் வாய்ப்பக்கமாக, அடியில் வைத்தேன். வழக்கம்போல் விரல்கள் நடுங்கின. தாள் இப்படியும் அப்படியுமாகச் சிறு அசைவில் துடித்துக்கொண்டிருந்தது. பேனா அதைப் பொருட்படுத்தவில்லை. எழுதும்போது என் நடுக்கம் முழுவதையும் காட்டிக்கொடுத்த கை, இங்கே எதையும் காட்டிக்கொடுக்காமல் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று லேத்தை நிறுத்தினாள்.

“கெடுத்துட்டேனா?”

அவள் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து காட்டினாள். மறு பக்கமிருந்து காட்டினாள்.

“எப்பா, நீங்க பிடிச்சிருந்த இடத்துல வட்டம் இல்ல.”

நானும் குனிந்து பார்த்தேன். மூடியின் நுனிப்பக்கப் பாதியில் மோதிரக் கோடுகள் இருந்தன. நான் தாள் வைத்த வாய்ப்பக்கப் பாதியில் ஒன்றுகூட இல்லை. சாம்பல் படர்ந்தது போன்ற ஒரே சீரான மங்கல் மட்டும் இருந்தது.

அவள் முக்காலியில் உட்கார்ந்து, தன் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். “என் கை ஆடாம நிக்குது. இரும்புல அப்படித்தான் நிக்கணும்னு பழக்கிட்டாங்க. பக்கவாட்டுல நகட்டித்தான் தேய்க்கேன். ஆனா எனக்கே தெரியாம அங்கங்க நின்னுருதேன் போல. நிக்கிற இடத்துல ஒரு துகள் ஒரே பாதையில சுத்திச் சுத்தி வட்டம் போட்டுருது. உங்க கை நிக்கவே இல்லைலா. எந்தத் துகளுக்கும் ஒரு பாதை கிடைக்கல.”

“அப்ப நீயும் ஆட்டு.”

அவள் முயன்றாள். அவள் கை ஒரே தாளத்தில் போய்வந்ததே தவிர, என் கையைப் போலக் கணக்கில்லாமல் துடிக்கவில்லை. வேண்டுமென்றே நடுங்கிப் பார்த்தாள், தோள்தான் குலுங்கியது. அதைப் பார்த்து வாசலில் நின்ற தாய், “சாமி வந்தவ மாதிரில்லா ஆடுத! போதும், அவுககிட்டயே குடு” என்றாள்.

அன்று மாலை முழுவதும் நானே தாள் பிடித்தேன். பாடலும் நானே பாடினேன். ஒரு பதிகம் முடிந்ததும் அவள் தாளை வாங்கிக்கொள்வாள். என் விரல்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். முந்தைய தாளின் துகள் ஒன்று விரலில் ஒட்டியிருந்தாலும் அடுத்த தாளைக் கெடுத்துவிடும் என்பாள். பிறகு மென்மையான தாளைத் தருவாள். கடைசியில் அவள் வேட்டித் துணியில் பசை தொட்டுத் தேய்த்தபோது, அந்தக் கறுப்பில் தகரக் கூரையின் குழல்விளக்கு ஒரே வெள்ளைக் கோடாக, எங்கும் முறியாமல் நின்றது. மகள் பேனாவை ஒரு வெற்றிலையின்மேல் வைத்துப் பூசை அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதுரைக் கடைப் பெரியவர் சனிக்கிழமை காசிக்குப் புறப்படுகிறார். திரும்ப ஆவணி நடுவாகிவிடும். ஆகையால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் பூசையை முடித்து, வீட்டுக்கு வரும் எந்தப் புதுப்பொருளுக்கும் செய்வது போல, மூன்று விரலில் திருநீற்றை எடுத்துப் பேனாவின் மூடியில் மூன்று கீற்றாக இட்டேன். எங்கள் வீட்டு அடுப்புக்கும், மகளின் இருசக்கர வண்டிக்கும், அந்த லேத்துக்கும்கூட அப்படித்தான் இட்டிருக்கிறேன். கறுப்பின்மேல் வெண்ணீறு மிக அழகாக இருந்தது. கண்ணை மூடி அவள் காரியம் கைகூட வேண்டிக்கொண்டேன். பிறகு, நீறு அவள் பையில் உதிருமே என்ற கவலையில், அங்கவஸ்திர நுனியால் மூடியை அழுத்தித் துடைத்தேன்.

துடைத்த இடம் மங்கியது. இன்னும் துடைத்தேன், இன்னும் மங்கியது. சன்னலுக்குக் கொண்டுபோனேன். என் வேண்டுதல் இருந்த இடமெல்லாம் மயிரிழை போன்ற கீறல்கள்.

அவள் ஈரத் தலையோடு வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“என்னப்பா செஞ்சீங்க?”

“திருநீறு வச்சேம்மா. உதிருமேன்னு துடைச்சேன்.”

அலமாரியிலிருந்த நீற்றைச் சிட்டிகை எடுத்து விரலிடையே உரசினாள், நரநரவென்றது. கடையில் பொட்டலமாக வாங்கிய நீறு. இத்தனை நாள் நெற்றியில் பூசியும் அந்த நரநரப்பை என் தோல் ஒருமுறையும் எனக்குச் சொன்னதில்லை.

“இது நம்ம எண்ணூறு நம்பர் உப்புத்தாளுக்குச் சமம்” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “சாமிக்கும் கோடு போட்டுப் பாக்கணும்னு தோணியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடிநீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு தகர அறைப் பக்கம் நடந்தாள்.

மகள் மூடியை விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். கீறல் ஆழமாயிருந்து சொரசொரப்பான தாளுக்குப் பின்வாங்க நேர்ந்தால் மூடி மெலிந்துவிடும், பேனாவின் உடலோடு சேரும் இடத்தில் படி விழுந்து நகம் தட்டும், பேனா உதவாது. புதுக் கட்டை ஒன்று கடைய அன்று நேரமில்லை. நகத்தால் தடவினாள்.

“ஆழமில்ல. நடுத் தாள்ல இருந்து ஆரம்பிச்சாப் போதும். மத்தியானப் பஸ்ஸைப் பிடிச்சிரலாம். சட்டையைப் போடுங்க.”

“நான் வேண்டாம் தாயி. நீயே செய். இன்னும் கெடுத்துருவேன்.”

“நான் தேய்ச்சா வட்டம் விழும். கோடு போட்டது யாரு? நீங்கதான் அழிக்கணும். வாங்க.”

லேத்து சுழன்றது. தாளை வைத்தேன். பாட வாயெடுத்தேன். மனப்பாடமாக ஓடும் பதிகத்தின் முதலடிகூட நாவுக்கு வரவில்லை. பாட்டில்லாமல் எவ்வளவு நேரம் தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. லேத்தின் இரைச்சல் மட்டும் இருந்தது.

அப்போது அவள் பாடினாள்.

ஒரு நாளும் அவளை நான் உட்காரவைத்துப் பாடம் சொன்னதில்லை. கூப்பிட்டபோது வரமாட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டே பதிகம் அவளுக்குள் இறங்கியிருந்தது. பண் சரியில்லை. மூன்றாம் பாட்டின் பின்னிரண்டடியைக் கொண்டுபோய் ஐந்தாம் பாட்டில் சேர்த்தாள். கோயிலில் எவர் அப்படிப் பாடினாலும் அந்தக் கணமே திருத்தும் வழக்கம் எனக்கு உண்டு. அன்று திருத்தவில்லை. அவள் குரலின்மேல் என் கையை வைத்துக்கொண்டு தேய்த்தேன். அவள் கடைசிப் பாட்டை முடித்ததும் தாளை எடுத்தேன். அவள் என் விரல்களைக் கழுவினாள். அடுத்த தாள், அடுத்த பதிகம். எங்கேயோ நடுவில் என் குரல் திரும்பி வந்து அவள் குரலோடு சேர்ந்தது. செம்போடு வாசலில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஈரப் போர்வையை விலக்காமலே, “ரெண்டு பேரும் ரெண்டு பாட்டா பாடுதிய?” என்று கேட்டாள்.

முடிந்தபோது மூடியையும் உடலையும் சேர்த்து, இணையும் இடத்தில் மகள் நகத்தை ஓட்டினாள். என் கையைப் பிடித்து என் நகத்தையும் ஓட்டச் செய்தாள். தட்டவில்லை. குழல்விளக்கின் வெள்ளைக் கோடு மூடியிலிருந்து உடலுக்கு முறியாமல் இறங்கியது. அவள் அதை வேட்டித் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். இந்த முறை நான் எதையும் பூசவில்லை. மனத்தால் மட்டும் கைகூப்பிக்கொண்டேன்.

அவள் போன பிறகு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மாலைப் பாராயணத்துக்கு உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் லேத்து ஓசை இல்லாததால் என் பாட்டு அடிக்கடி தானாகவே வேகம் பிடித்தது. இருட்டத் தொடங்கும்போது கைபேசி ஒலித்தது. என் மனைவி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

“எம்மா, பாத்துட்டாவ.”

“என்ன சொன்னாவ? சீக்கிரம் சொல்லு, உங்கப்பா மூச்சு விடாம உக்காந்திருக்காவ.”

“சன்னல்ல பிடிச்சுப் பாத்தாவ. வெளிய தெருவுக்கே கொண்டு போய்ப் பாத்தாவ. அப்புறம் ஒண்ணுமே சொல்லாம கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாவ. நான் முழிச்சுக்கிட்டு நிக்கேன். ‘என்னம்மா நிக்கிற? காசிக்குப் போய்ட்டு வந்ததும் கறுப்புலயே இன்னும் வேணும். கொண்டா’ன்னுட்டாவ.”

என் மனைவி கைபேசியை என்னிடம் நீட்டினாள். “பஸ்ஸுல சன்னல் ஓரமா உக்காராத, காத்து அடிக்கும்” என்றேன். மறுமுனையில் அவள் சிரித்தாள். பிறகு, “எப்பா, ஓசூருக்கு வரலன்னு சொல்லிட்டேன். பஸ்ஸ்டாண்டுல நின்னே சொல்லிட்டேன்” என்றாள்.

இப்போது காலைப் பூசை முடிந்ததும் எனக்குத் தகர அறையில் வேலை இருக்கிறது. மாலையைச் சட்டைக்குள் விட்டுக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொள்கிறேன். பொத்தான் போடத்தான் இன்னும் நேரமாகிறது. அதற்கு என் மனைவி உதவுகிறாள், அந்த ஆணிக் கதையை மறக்காமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே. காப்பி இன்னும் அரை டம்ளர்தான். நடுக்கம் குறையவில்லை. மகள் கடைந்து முடித்த கறுப்பு உருளை ஒன்று எனக்காக லேத்தில் காத்திருக்கும். நான் பாடத் தொடங்கினால் அவளும் சேர்ந்துகொள்கிறாள். மூன்றாம் பாட்டின் அடிகள் இப்போது மூன்றாம் பாட்டிலேயே இருக்கின்றன. நான் திருத்தியதால் அல்ல, பாடிப் பாடி அவையே தம் இடத்தை அடைந்துவிட்டன.

திருநீற்றை மட்டும் அவள் அறைக்குள் அனுமதிப்பதில்லை. நானும் அதை ஏற்றுக்கொண்டேன். உள்ளே போகுமுன் வாசல் நிலையின் மரத்தில் மூன்று கீற்றாக இடுகிறேன். பக்கத்தில் வைத்திருக்கும் செம்பிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்து விரல்களை நகக்கண் வரை கழுவுகிறேன். பிறகு ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன்.